குளவிக்குள் குடியிருந்தது

குளவியின் வயிற்றுக்குள் எல்லாமே ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

கிருபாகரன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து கோடி வருஷத்துக்கு முன்னால், இன்றைக்கு நாம் குஜராத் என்று சொல்கிற இடத்தில், ஏதோ ஒரு மரத்திலிருந்து வழிந்த பிசினில் கால் மாட்டி உயிரை விட்ட குளவி அது. பிசின் கல்லாக இறுகி, நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் கிடந்து, போன வருஷம்தான் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. இத்தனை காலம் கிடந்த உடம்பில் குடல் கொஞ்சம் இடம் மாறிக் கிடந்தால் யார் என்ன சொல்ல முடியும்? ஆனால் இது இடம் மாறிக் கிடந்த மாதிரி இல்லை. குடலும் நரம்பும் மூச்சுக்குழல்களும் விஷப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வலப்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பஸ்ஸில் கனத்த ஆள் ஒருவர் உட்கார வரும்போது மற்றவர்கள் நெருக்கிக்கொள்வார்களே, அப்படி ஒழுங்காக நெருக்கிக்கொண்டு இருந்தன. இடப்பக்கம் முழுக்க வெறும் சாம்பல் நிற நிழல்.

காலை பதினொரு மணி. வெளியே மார்கழி வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது, அறைக்குள் அமாவாசை. இந்த வேலைக்கு இருட்டு வேண்டும். சாம்பலுக்கும் சாம்பலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் பிரித்தறிய, ஜன்னல் இடுக்கில்கூட வெளிச்சம் கசியக் கூடாது. கொரட்டூர் ஏரியைப் பார்த்த மூன்றாவது மாடி ஃப்ளாட் என்று சொல்லித்தான் இந்த வீட்டைக் காட்டினார்கள். அவன் குடிவந்த வாரமே எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி அடித்துவிட்டான். ஏரி இப்போது அவனுக்கு வாடையாக மட்டுமே இருந்தது. மழைக்குப் பிறகு பாசியும் சேறும் கலந்து வரும் வாடை, ஈரச் சுவரின் வாடை, நேற்று வைத்த ரசத்தின் வாடை, இவற்றோடு கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டார் ஓடும் உறுமலும், எங்கோ தூரத்தில் மின்சார ரயில் ஹாரன் அடிப்பதும். மனுஷக் குரல் என்று அந்த வீட்டுக்குள் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவனைக் கேட்டால், விரல் விட்டுத்தான் சொல்லியிருப்பான்.

அவன் வேலை நிறம் தீட்டுவது. எக்ஸ்ரே கருவி ஒன்று அந்தக் குளவியை, கத்தி படாமலே, ரொட்டித் துண்டுகள் மாதிரி ஆயிரத்து எண்ணூறு துண்டாக அறுத்துப் படம் எடுத்துவிடும். ஒவ்வொரு துண்டிலும் குடலுக்குப் பச்சை, நரம்புக்கு மஞ்சள், தசைக்குச் சிவப்பு என்று தீட்டிக்கொண்டே போனால், கடைசியில் குளவியின் உள்ளுறுப்புகள் எல்லாம் முழு உருவத்தோடு திரையில் எழுந்து நிற்கும். பத்துத் துண்டுக்கு ஒன்றை மனிதன் தீட்டுவான். நடுவில் உள்ள ஒன்பதை மெஷின் ஊகித்துத் தீட்டிவிடும். இதற்கு முன் பதினொரு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவன் மனிதர்களின் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தான். கம்பெனி இழுத்து மூடப்பட்ட பிறகு பூச்சிக்கு வந்தான். ஈரலைப் போலப் பூச்சி அவசரப்படுத்துவதில்லை என்பதால் அவனுக்கு இது பிடித்துத்தான் இருந்தது.

அன்றைக்கு அவனுக்கு மனசெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. ஞாயிறு காலை பவ்யா வருகிறாள். அவன் மகள், பன்னிரண்டு வயது. அரையாண்டு விடுமுறைக்குப் பத்து நாள் அப்பாவோடு. இரண்டு வருஷத்தில் அவள் இங்கே தங்க வருவது இதுதான் முதல் தடவை. பக்கத்து அறையில் அவளுக்கென்று புது மெத்தை, பூப்போட்ட போர்வை, குளியலறையில் மஞ்சள் பக்கெட். மெத்தைக்கு மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் வைத்திருந்தான், அவளே கிழிக்கட்டும் என்று.

அவன் அந்தச் சாம்பல் நிழலுக்கு ஊதா நிறம் கொடுத்தான். பத்தாவது துண்டு, இருபதாவது, முப்பதாவது. மதியம் இரண்டு மணிக்கு மெஷின் எல்லாவற்றையும் சேர்த்து எழுப்பிக் காட்டியபோது, குளவியின் வயிற்றில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு, கால் இல்லாத, கண் இல்லாத, நீண்ட பை ஒன்று படுத்திருந்தது.

ஆராய்ச்சியை நடத்தும் ரேணுகா பெங்களூரிலிருந்து போன் செய்தார். படத்தை அனுப்பி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"சார், நீங்க என்ன கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு தெரியுதா?"

"குடல் ஒதுங்கியிருக்கு மேடம். ஸ்கேன்ல ஏதோ தப்புன்னு நினைச்சேன்."

"குடல் தானா ஒதுங்கல. இது ஒதுக்கியிருக்கு. பெண் ஒட்டுண்ணி சார். பொறந்ததும் குளவிக்குள்ள போயிரும், அப்புறம் வாழ்நாள் பூரா அதுக்குள்ளயே. கண்ணு, காலு, இறக்கை எதுவும் தேவையில்லை. கடைசியில இணையைக் கூப்பிடத் தலையை மட்டும் வயித்து மடிப்பு வழியா வெளிய நீட்டும்."

"அப்போ குளவி செத்துருமே?"

"சாகாது. அதுதாங்க இதுல விசேஷமே. சாப்பிடும், பறக்கும், பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா கூட்டுல தங்காது. கூடு கட்டாது, குஞ்சுக்கு ஊட்டாது. ஒரு நாள் யார்கூடயும் சண்டை கிண்டை எதுவும் இல்லாம கிளம்பிப் போயிரும். இதே மாதிரி வேற குளவிங்க எங்கயாவது ஒரு செடி உச்சியில உக்காந்திருக்கும், அங்க போய்ச் சேர்ந்துக்கும். ஒண்ணையொண்ணு தொடாம, சும்மா உக்காந்திருக்குங்க."

"எதுக்கு மேடம் அப்படிப் போகுது?"

"அதைக் கேட்டா அதுக்கே தெரியாது. தனியா இருக்கணும்னு தோணுது, அவ்வளவுதான். உள்ள இருக்கிறதுக்கு அது வசதி." ரேணுகா சிரித்தார். "இன்னிக்கு உயிரோட இருக்கிற ஒட்டுண்ணியைப் பிளந்து பார்த்தாலும் இதே அமைப்புதான் சார். இந்த அஞ்சு கோடி வருஷத்துல குளவி எவ்வளவோ மாறிடுச்சு. இது மாறவே இல்ல. வேண்டியது எல்லாம் கிடைச்சுட்ட உயிர் எதுக்கு மாறணும்?"

அதே பிசின் கட்டியில் இன்னும் பதினொரு குளவிகள் இருந்தன. இந்த ஊதாப் பை எப்படி இருக்கும் என்று மெஷினுக்குப் பழக்கிவிட்டால், மற்றவற்றில் அது தானே தேடிக்கொள்ளும் என்றார் ரேணுகா. கிருபாகரன் பழக்கினான். பை என்ன சாம்பல், அதன் ஓரம் எப்படி வளையும், பக்கத்தில் உள்ள உறுப்புகள் எப்படி நசுங்கி நிற்கும், எல்லாவற்றையும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான். மாலைக்குள் மெஷின் பதினொன்றையும் பார்த்து முடித்தது. ஒன்பதில் ஊதா தீட்டியிருந்தது.

ரேணுகா சொன்ன ஒரு வார்த்தை மட்டும் அவனை விட்டுப் போகாமல் காதுக்குள்ளேயே நின்றது. சண்டை கிண்டை எதுவும் இல்லாம.

அவனும் மனைவி சுலோசனாவும் சண்டை போட்டதில்லை. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ், அவளுக்கு அங்கேதான் வேலை. வாசலில் பவழமல்லி, மாலையில் நாலு வீட்டுக் குழந்தைகளும் சேர்ந்து போடும் கூச்சல், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் பவ்யா அவன் மடியில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் கனம் அவனுக்குத் தாங்கவில்லை. கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. இறக்கிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அடுத்த வாரம், "கொஞ்ச நாள் தனியா இருந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். குடியா, வேறு பெண்ணா, வேறு ஏதாவது சிக்கலா என்று சுலோசனாவின் அண்ணன் பூபாலன் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஏன் போகிறாய் என்ற கேள்விக்கு அவனிடம் இந்த நிமிஷம்வரை பதில் கிடையாது. குழந்தையின் மேல் உயிரையே வைத்திருப்பவன் அவளை இறக்கிவிட்டு எழுந்து வந்த வெட்கம்தான் இரண்டு வருஷமாக அவனைத் தின்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சுலோசனா போன் செய்தாள்.

"வயித்து ஸ்கேன் ரிசல்ட் வந்துடுச்சா?"

அவனுக்கு இடது விலாவுக்குக் கீழே இரண்டு வருஷமாக விடாத ஒரு வலி. வலிகூட இல்லை, உள்ளே ஏதோ நெருக்குகிற மாதிரி ஒரு கனம். அதைக் காட்டிவிட்டுத்தான் பவ்யாவை அனுப்புவேன் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், பக்கத்து ஊரான பாடியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய் எடுத்திருந்தான்.

"நார்மல்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

"நீங்க சொன்னாப் போதாது. அந்த டிஸ்க்ல இருக்கிறதை எனக்கு அனுப்புங்க. எங்க ஃபாக்டரி ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட நானும் ஒரு தடவை காட்டிடறேன்."

அவன் டிஸ்க்கைப் போட்டான். படங்களை இழுத்துக் கம்ப்யூட்டரில் போட்டான். வருகிறது எதுவானாலும் முதலில் 'வந்தவை' என்ற ஒரே பெட்டியில் போடுவது அவனுக்குப் பதினொரு வருஷப் பழக்கம். கை தானாகப் போய் அங்கேயே போட்டது. மெஷின் அந்தப் பெட்டியைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்த குளவி எப்போது வரும் என்று. அதை நிறுத்திவைக்க அவன் மறந்துவிட்டான். படங்கள் ஏறட்டும் என்று எழுந்து போய் அரிசி களைந்து குக்கரில் வைத்தான், முருங்கைக்காயை நறுக்கினான். மூன்றாவது விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

இருட்டில் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவனுடைய முதுகெலும்பு வெள்ளையாக. அவனுடைய ஈரல். அவனுடைய இரைப்பை. பக்கத்தில் ஊதா.

கிருபாகரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரிசி மணி அளவு பூச்சியைப் பார்த்துப் பழகிய மெஷினுக்கு எழுபது கிலோ ஆளைக் காட்டினால் அது பாவம் உளறத்தானே செய்யும்! மெஷின் உளறினால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அங்கே ஒரு பொட்டு, இங்கே ஒரு தீற்றல், எலும்பில் பாதி, காற்றில் பாதி என்று அம்மைத் தழும்பு மாதிரி சிதறிக் கிடக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சிதறலை ரசிக்கலாம் என்று துண்டு துண்டாக நகர்த்தினான்.

சிதறல் இல்லை.

முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டுவரை ஊதா ஒரே ஓட்டமாக ஓடியது. மேலே மெலிதாகத் தொடங்கி, நடுவில் பெருத்து, கீழே மடங்கி. ஓரம் எங்கேயும் கிழியவில்லை. எலும்பைத் தொடவில்லை, காற்றுக்குள் வழியவில்லை. அவன் நிறத்தை அணைத்துவிட்டு வெறும் சாம்பலைப் பார்த்தான். ஸ்கேன் படத்தில் ஆளின் இடப்பக்கம் திரையின் வலப்பக்கத்தில் தெரியும். அதைச் சரிபார்த்துக்கொண்டு, இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் நடுவே உற்றுப் பார்த்தான். டாக்டர் அவருக்குத் தெரிந்ததைத் தேடியிருப்பார். கட்டி, கல், வீக்கம். அவை எதுவும் இல்லை, அதனால் நார்மல். பதினொரு வருஷம் மனித வயிற்றுச் சாம்பலையே பார்த்த கண்ணுக்கு மட்டும், அங்கே பக்கத்துச் சாம்பலைவிட ஒரு இம்மி வெளிறிய இன்னொரு சாம்பல் தெரிந்தது.

இரைப்பை நசுங்கியிருந்தது. குடல் வலப்பக்கமாக. ஈரல் சுவரோடு. எல்லாம் ஒழுங்காக.

நெருக்கிக்கொண்டு.

அவன் கை விலாவுக்குப் போயிற்று. சட்டைக்கு மேலே விரலை வைத்தான். அழுத்தினான். உள்ளே அந்தக் கனம். மூச்சை அடக்கினான். தண்ணீர் மோட்டார் நின்றுபோயிருந்தது. குக்கரில் ஆவி அடங்கும் சீறல் மட்டும். அதுவும் நின்றது. விரலுக்கு அடியில், மூச்சு விடாத உடம்புக்குள், ஒன்று மெதுவாகத் திரும்பிப் படுத்தது.

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. கறுப்புத் துணிகளைக் கிழித்து ஜன்னல்களைத் திறந்து போட்டு, ஹாலின் நடுவில் உட்கார்ந்துகொண்டான். யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது? பூச்சிக்காரன் ஒருவன் தன் வயிற்றிலும் பூச்சி என்கிறான் என்றால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டால்கூடப் பரவாயில்லை, யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தால் போதும் என்று இருந்தது. போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் அவன் யாருக்கும் தானாகப் பேசியிருக்கவில்லை. போனைக் கீழே வைத்தான், ஏனென்றால் அப்படி ஒதுங்கியதும் யாருடைய யோசனை என்று இப்போது அவனுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை, குளித்துவிட்டு, தொழில் தெரிந்தவன் செய்ய வேண்டியதைச் செய்தான். மெஷின் சொல்வதை நம்பலாமா வேண்டாமா என்று தெரிய வேண்டுமானால் அதற்கு வேறு ஆட்களைக் காட்டிப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் பழகுவதற்கென்று ஊர் பேர் இல்லாத இருபது வயிற்று ஸ்கேன்கள் பொதுவில் கிடைக்கும். அவற்றை இறக்கி, 'வந்தவை' பெட்டியில் போட்டான். இருபதிலும் ஊதா தீட்டு, என்று மெஷினிடம் கெஞ்சினான். எல்லாருக்கும் தீட்டிவிடு. தீட்டினால் நீ பைத்தியம், நான் பிழைத்தேன். பவ்யா நாளைக்கு வருவாள், நான் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

இருபதும் முடிய மாலை ஐந்து மணி ஆயிற்று.

இருபதில் ஒன்றில்கூட ஊதா இல்லை.

பிறகு சுலோசனாவுக்குப் போன் செய்தான். இரண்டு வருஷமாக எந்த நாளுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தானோ, அந்த நாளை அவன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

"சுலோ, நாளைக்குப் பவ்யாவை அனுப்பாத."

"ஏன்?" என்றாள்.

"எனக்கு உடம்பு சரியில்ல. என்னன்னு தெரியல. அவளுக்கும் ஒட்டிக்குமோன்னு பயமா இருக்கு."

"நார்மல்னு சொன்னீங்க."

"சொன்னேன். தப்பு. சுலோ, நான் சொல்றதைக் கேளு, அவ என் பக்கத்துலயே வரக் கூடாது."

அவள் அழுதாள். இவ்வளவு நாளில் ஒரு தடவைகூட அவனிடம் அழாதவள், வாயைப் பொத்திக்கொண்டு அழுவது கேட்டது.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நீங்க கூப்பிட்டதுக்காகவா நான் சரின்னேன்னு நினைச்சீங்க? அவளைச் சமாளிக்க என்னால முடியலங்க. தீபாவளிக்கு அப்புறம் யார்கிட்டயும் பேச்சே இல்ல. ஸ்கூல்ல தனியா உக்காந்திருக்காளாம். நான் தொட்டாக்கூட நகர்ந்துக்கறா. அடிக்கல, திட்டல, ஒண்ணுமே நடக்கல. நீங்க போறதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்களோ, அப்படியே இருக்கா. உங்ககூடப் பத்து நாள் இருந்தா சரியாயிடுவாளோன்னுதான்..."

கிருபாகரன் எழுந்து நின்றுவிட்டான்.

"விலாவுல வலின்னு சொன்னாளா?"

"என்ன?"

"இடது பக்கம். விலாவுக்குக் கீழ. சொன்னாளா சுலோ?"

"...போன மாசம் சொன்னா. வாயுன்னு ஓமத் தண்ணி வெச்சுக் கொடுத்தேன். ஏன்? ஏன் கேக்கறீங்க?"

"அவளைத் தனியா விடாத. பிடிச்சு வெச்சுக்கோ. கதவைச் சாத்து. நான் இப்பவே கிளம்பி வரேன், ஆஸ்பத்திரிக்குப் போறோம். கையை விடாத, சுலோ."

"அவ ரூம்லதான் இருக்கா." சுலோசனா நடக்கும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். பிறகு அவள் பவ்யா பவ்யா என்று கூப்பிடும் சத்தம், வீட்டுக்குள், வாசலில், தெருவில்.

அவன் சட்டையை மாட்டுவதற்குள், செருப்பைத் தேடுவதற்குள், சாவியைத் தவறவிட்டுக் குனிந்து எடுப்பதற்குள், போன் மறுபடி வந்தது. மகளின் சைக்கிள் ஆவடி ஸ்டேஷன் வாசலில் பூட்டாமல் நிற்கிறதாம். தெரிந்த பெட்டிக்கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுச் சுலோசனாவுக்குப் போன் செய்தாராம். மூணு மணி சுமாருக்கு ரயில் ஏறியிருக்கிறாள். தனியாக.

மணி ஐந்தரை.

ஆவடியிலிருந்து கொரட்டூருக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. படிகளில் அவன் விழுந்தடித்து இறங்கினான். மூன்றாவது மாடி, இரண்டு, ஒன்று. கேட்டில் வாட்ச்மேன் அப்பாவு நாற்காலி போட்டு உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், இப்டி ஓடியாற? யாருக்கு இன்னா?"

"அப்பாவு, ஒரு பொண்ணு வந்துச்சா? பன்னெண்டு வயசு. என் பொண்ணு."

"அது உன் பொண்ணா சார்? அது அப்பவே வந்துகினு மேல போச்சே. நாலு மணிக்கே. ஊடு எதுன்னு தெரியுமா பாப்பான்னேன், தலைய ஆட்டிச்சு. சரி, உன்னாண்டதான் கீதுன்னு நானும் கம்முனு இருந்துட்டேன்." அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன் சார், ஊட்டுக்கு வரலியா?"

கிருபாகரன் மேலே பார்த்தான். ரேணுகா சொன்ன செடி உச்சி ஞாபகம் வந்தது.

பிறகு ஏறினான். தன் மாடியைத் தாண்டி, தன் கதவைத் தாண்டி, நாலாவது மாடி. ஐந்து. மூச்சு இரைத்தது. விலாவில் கனம் ஏறியது. என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டான். தூக்கு. தோளில் போடு. கத்தினாலும் கடித்தாலும் விடாதே. ஆட்டோ. ஆஸ்பத்திரி. ஊதா எங்கே இருக்கிறதென்று நீயே காட்டு. அறுத்து எடுக்கச் சொல். முதலில் அவளுக்கு.

மொட்டை மாடிக் கதவு திறந்தே இருந்தது.

ஏரிப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரின் மேல், கால்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் சிவராமன். எதிர் ஃப்ளாட்டில் பேங்க் வேலைக்குப் போகும் மங்களம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கும் பையன்கள் மூன்று பேர், பெயர் தெரியாதவர்கள். இன்னும் நாலைந்து பேர். பத்துப் பேர் இருக்கும், ஒரு பேச்சு இல்லை. கையில் போன் இல்லை. ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு கை அகல இடைவெளி. அடுத்த கட்டடத்தின் மாடியிலும் அப்படியே ஒரு வரிசை தெரிந்தது. அதற்கடுத்ததிலும்.

ஏழாவது ஆள், மஞ்சள் டீ சர்ட்டில், பவ்யா.

"பவ்யா. அப்பாதான்டா. எறங்கு கண்ணு. மெதுவா. இந்தப் பக்கம் எறங்கு."

அவள் திரும்பவில்லை.

"இங்க நல்லா இருக்குப்பா," என்றாள். அவ்வளவுதான்.

அவன் ஓடினான். அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை. பின்னலில் அம்மா கட்டிவிட்ட ரிப்பன். அவளுக்கும் சிவராமனுக்கும் நடுவில் மட்டும் இரண்டு கை அகலம் விட்டிருந்தது. ஒரு ஆள் உட்காரும் அளவு.

தூக்கு.

கை நீட்டியபடியே இருந்தது. அவள் கனம் ஞாபகம் வந்தது. மடியில் அந்தக் கனம்.

தூக்கு.

அவன் சுவரின் மேல் ஒரு காலைப் போட்டான். பிறகு இன்னொன்று. உட்கார்ந்தான். கீழே ஐந்து மாடி ஆழத்தில் அப்பாவுவின் நாற்காலி சின்னதாகத் தெரிந்தது. விலாவில் கனம் இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வலி சுத்தமாக நின்றிருந்தது. பக்கத்தில் மகள் இருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் கையைப் பிடிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. பிடிக்கத் தோன்றவில்லை.

பாக்கெட்டில் போன் அடிக்க ஆரம்பித்தது. சுலோசனாவாக இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காற்று இல்லை. ஏரித் தண்ணீர் அசையவில்லை. பவ்யாவின் மஞ்சள் டீ சர்ட், இடப்பக்கத்தில், விலாவுக்குக் கீழே மெல்ல எழுந்தது. உள்ளிருந்து ஏதோ ஒன்று துணியைத் தள்ளியது. நின்றது. மறுபடி தள்ளியது. அவள் குனிந்துகூடப் பார்க்காமல், துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மேலே தூக்கிக் கொடுத்தாள்.

சிவராமனின் கை எழுந்தது. மங்களத்தின் கை புடவைத் தலைப்பை விலக்கியது. அடையாள அட்டைப் பையன்கள், ஒருவர் பின் ஒருவராக. அடுத்த மாடியில். அதற்கடுத்த மாடியில். ஏரியைச் சுற்றிலும், வரிசை வரிசையாக, துணிகள் உயர்ந்தன.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கிருபாகரனின் விரல்கள் அவன் சட்டையின் கடைசிப் பொத்தானைத் தேடிப் போய், நிதானமாகக் கழற்றின.